வேலை நீக்க இழப்பீடு, கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன்: கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வரிக் கணக்கு

ஆட்குறைப்பில் வேலை போனாலும், வயது முடிந்து ஓய்வு பெற்றாலும், கம்பெனி செட்டில்மென்ட் பணத்தை ஒரே தொகையாகக் கணக்கில் போட்டுவிடும். வருமான வரிச் சட்டத்துக்கு அது ஒரே தொகை அல்ல. கிராஜுவிட்டி (பணிக்கொடை), வேலை நீக்க இழப்பீடு, நோட்டீஸ் காலச் சம்பளம், மிச்சமிருக்கும் விடுப்புக்கான பணம், கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்குவது), பி.எஃப். என்று ஆறு துண்டுகள் அதற்குள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு, தனி உச்சவரம்பு. எந்தத் துண்டுக்குக் காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் வரி. பெயரே இல்லாமல் "ஃபுல் அண்ட் ஃபைனல்" என்று மொத்தமாக எழுதியிருந்தால், வரி அலுவலகத்தின் கணினி அதை முழுச் சம்பளமாகத்தான் பார்க்கும்.

கீழே உள்ள பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2025-26 நிதியாண்டில் வாங்கிய பணத்துக்கு அதுதான் செல்லும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால் அதன் பிறகு வரும் பணத்துக்குப் பிரிவு எண்கள் மாறும். கணக்கின் அடிப்படை அதேதான். இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். புதிய வரிமுறைக்குப் போனால் இந்த விலக்குகள் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. புதிய முறையில் இழப்பது வீட்டு வாடகைப்படி, 80சி சேமிப்புக் கழிவு போன்றவற்றைத்தான். கிராஜுவிட்டி, விடுப்புப் பணம், கம்யூட்டேஷன், வேலை நீக்க இழப்பீடு, வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) ஆகியவற்றுக்கான விலக்கு இரண்டு முறையிலும் உண்டு.

முதல் வேலை: நீங்கள் எந்த வகை ஊழியர்?

மத்திய, மாநில அரசு ஊழியர் என்றால் கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், ஓய்வின்போது வாங்கும் விடுப்புப் பணம் மூன்றுக்கும் முழு விலக்கு. உச்சவரம்பு பற்றிய பேச்சே இல்லை. மாநகராட்சி, நகராட்சி ஊழியர்களுக்குக் கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷனும் முழு விலக்கு. விடுப்புப் பணத்துக்கான முழு விலக்கில் மட்டும் சட்டம் மத்திய, மாநில அரசு என்று நிறுத்திக்கொள்கிறது. உள்ளாட்சி அதில் இல்லை.

பொதுத்துறை வங்கி, பொதுத்துறை நிறுவனம், அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றில் வேலை பார்த்தவர்கள் தங்களை அரசு ஊழியர் என்றே சொல்லிக்கொள்வார்கள். வரிச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. கிராஜுவிட்டிக்கும் விடுப்புப் பணத்துக்கும் அவர்களுக்குத் தனியார் ஊழியருக்கான வரம்புதான்.

தனியார் ஊழியர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய அடுத்த கேள்வி, "நான் சட்டப்படி தொழிலாளியா?" என்பது. வேலை நீக்க இழப்பீட்டுக்கான விலக்கு தொழிலாளிக்கு மட்டுமே. 1947 தொழில் தகராறு சட்டத்தில் உடலுழைப்பு, திறன் வேலை, தொழில்நுட்ப வேலை, குமாஸ்தா வேலை செய்பவர்கள் தொழிலாளிகள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் ₹10,000க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளி அல்ல. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில் மேற்பார்வையாளருக்கான இந்த வரம்பு ₹18,000. விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்றோ "என்ஜினியர்" என்றோ இருப்பது முடிவான சான்று அல்ல. கையில் செய்த வேலை என்ன என்பதுதான் கேள்வி. ஐ.டி. ஊழியர்கள் தொழிலாளிகளா என்ற சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. கம்பெனிகள் பொதுவாக அவர்களைத் தொழிலாளி அல்ல என்று வைத்தே வரி பிடிக்கின்றன.

இரண்டாவது வேலை: கடிதம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆட்களைக் குறைக்கும் கம்பெனிகள் பல, நீக்கக் கடிதம் தருவதற்குப் பதிலாக ராஜினாமாக் கடிதம் கேட்கின்றன. "அடுத்த வேலைக்கு ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்" என்று எச்.ஆர். சொல்வார். அந்த ஒரு காகிதத்தால் மூன்று இழப்புகள் வரலாம். தானாக விலகுவது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது என்பதால் வேலை நீக்க இழப்பீட்டுக்கான 10(10பி) விலக்குக் கேள்விக்குறியாகும். ஐந்து ஆண்டு முடியாத பி.எஃப். பணத்துக்கு வரி விலக்குக் கேட்கும் வழி அடைபடும். சட்டப்படி இழப்பீடு கேட்கும் உரிமையே பலவீனப்படும்.

ஆகவே கடிதத்தில் இருக்க வேண்டியவை: வேலை முடிந்த தேதி, காரணம் (தொழில் சுருக்கம், பிரிவு மூடல், ஆட்குறைப்பு என்று எதுவோ அது), ஒவ்வொரு தொகையும் தனி வரியில், ஒவ்வொன்றும் எந்தச் சட்டத்தின்படி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது. "கருணைத் தொகை உட்பட மொத்தம்" என்று ஒரே வரியில் இருந்தால் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பணம் வரும் முன் கேட்டால் அரை மணி நேர வேலை. டி.டி.எஸ். (கம்பெனியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்து, காலாண்டுக் கணக்கும் தாக்கல் செய்த பிறகு கேட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது வேலை: ஒவ்வொரு தொகையாக

கிராஜுவிட்டி, பிரிவு 10(10). 1972 பணிக்கொடைச் சட்டத்துக்குள் வரும் ஊழியருக்குக் கணக்கு: கடைசி மாத பேசிக்கும் டி.ஏ.வும் × 15 ÷ 26 × பணி ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சம் ஒரு முழு ஆண்டாகும். இப்படி வரும் தொகை, ₹20 லட்சம், உண்மையில் வாங்கியது, இந்த மூன்றில் எது குறைவோ அதற்கு வரி இல்லை. அந்தச் சட்டத்துக்குள் வராத நிறுவனம் என்றால் கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தில் பாதி × முடிந்த ஆண்டுகள். மிச்ச மாதங்கள் கணக்கில் சேராது. ₹20 லட்சம் என்பது வாழ்நாள் வரம்பு. முன்பு ஒரு கம்பெனியில் ₹6 லட்சத்துக்கு விலக்குப் பெற்றிருந்தால் இப்போது மிச்சம் ₹14 லட்சம்தான். மத்திய அரசு ஊழியருக்கு 2024 ஜனவரி 1 முதல் கிராஜுவிட்டி உச்சவரம்பு ₹25 லட்சம் ஆனதைப் படித்துவிட்டுத் தனியார் ஊழியர்களும் அந்த எண்ணை ரிட்டர்னில் போடுகிறார்கள். அது அவர்களுக்குப் பொருந்தாது. கிராஜுவிட்டியைத் தாமதமாகத் தந்ததற்கான வட்டி கிராஜுவிட்டி அல்ல. அதற்கு முழு வரி உண்டு.

விடுப்புப் பணம், பிரிவு 10(10ஏஏ). வேலையில் இருக்கும்போது இ.எல். (ஈட்டிய விடுப்பு) சரண்டர் செய்து பணம் வாங்கினால் முழு வரி. வேலையை விட்டு வரும்போது வாங்கினால், அரசு சாரா ஊழியருக்கு நான்கில் எது குறைவோ அது விலக்கு: வாங்கிய தொகை, ₹25 லட்சம், பத்து மாதச் சராசரிச் சம்பளம், ஆண்டுக்கு அதிகபட்சம் 30 நாள் என்ற கணக்கில் மிச்சமுள்ள விடுப்பின் மதிப்பு. இந்த ₹25 லட்சம் வரம்பு 2023 ஏப்ரல் 1க்கு முன்பு ₹3 லட்சமாக இருந்தது. ராஜினாமா செய்தவருக்கும் இந்த விலக்கு உண்டு. ராஜினாமாவும் ஒருவகை ஓய்வுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1980களிலேயே சொல்லிவிட்டது. இருந்தும், 60 வயது ஆகவில்லை என்று காரணம் காட்டி வரி பிடிக்கும் அக்கவுன்ட்ஸ் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன.

வேலை நீக்க இழப்பீடு, பிரிவு 10(10பி). வாங்கிய தொகை, தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவுப்படி வரும் தொகை, ₹5 லட்சம், இவற்றில் குறைந்தது. 25எஃப் கணக்கு என்பது தொடர் பணியின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். இங்கேயும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓர் ஆண்டு. கிராஜுவிட்டியோடு குழப்பிக்கொள்ள இரண்டு இடம் உண்டு. ஒன்று, இங்கே 26ஆல் வகுப்பதில்லை. மாதச் சம்பளத்தில் பாதி. இரண்டு, சம்பளம் என்பது பேசிக், டி.ஏ. மட்டுமல்ல, கடைசி மூன்று மாதங்களில் வாங்கிய மற்ற படிகளும் சேரும், போனஸ் சேராது. எச்.ஆர். மென்பொருள் பேசிக்கை மட்டும் எடுத்துக்கொண்டு விலக்கைக் குறைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கு விலக்குக் கிடையாது. கருணைத் தொகை என்ற பெயரில் தருவதும் பொதுவாகச் சம்பளக் கணக்கில்தான் விழும். 'இது வேலையை இழந்ததற்கான மூலதன வரவு, வருமானமே அல்ல' என்ற பழைய வாதம் ஒன்று உண்டு. வேலை முடிவு தொடர்பாக யார் தந்த இழப்பீடாக இருந்தாலும் வரிக்குள் கொண்டுவர 2018 நிதிச் சட்டத்தில் 56(2) பிரிவில் சேர்த்த உட்பிரிவு அந்த வாசலைப் பெரும்பாலும் சாத்திவிட்டது.

தொழிலாளி அல்லாதவருக்கு வரும் இழப்பீடு முழுவதும் 17(3) பிரிவின் கீழ் சம்பளம். அவருக்கு மிஞ்சியிருக்கும் வழி வி.ஆர்.எஸ். அல்லது பிரிவு 89. இரண்டும் கீழே வருகின்றன.

ஓர் உதாரணக் கணக்கு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் என்று வைத்துக்கொள்வோம். 2014 பிப்ரவரி 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரை வேலை. 11 ஆண்டு 8 மாதம். பேசிக்கும் டி.ஏ.வும் ₹32,000, மொத்தச் சம்பளம் ₹52,000. கம்பெனி தருவது: இழப்பீடு ₹8,00,000, ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் ₹52,000, 60 நாள் விடுப்புக்கு ₹64,000, கிராஜுவிட்டி ₹2,21,538.

கிராஜுவிட்டி: 32,000 × 15 ÷ 26 × 12 = ₹2,21,538. முழு விலக்கு.
விடுப்புப் பணம்: பத்து மாதச் சம்பளமான ₹3,20,000ஐவிடக் குறைவு, விடுப்பின் மதிப்பும் அதுவேதான். முழு விலக்கு.
இழப்பீடு: 52,000இல் பாதி ₹26,000 × 12 = ₹3,12,000. இது ₹5 லட்சத்துக்குள் இருப்பதால் விலக்கு ₹3,12,000. வரிக்குப் போவது ₹4,88,000.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் ₹3,12,000, நோட்டீஸ் ₹52,000, இழப்பீட்டில் மிச்சம் ₹4,88,000, ஆக ₹8,52,000. நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்ஷன்) ₹75,000 போக ₹7,77,000. அந்த ஆண்டில் வேறு வருமானம் இல்லை என்றால், புதிய வரிமுறையில் ₹12 லட்சம் வரையுள்ள தள்ளுபடியால் வரி பூஜ்யம்.

இதே மனிதருக்கு எல்லாவற்றையும் சம்பளம் என்று போட்டு ஃபார்ம் 16 (கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்று) வந்தால்? மொத்தம் ₹14,49,538, கழிவு போக ₹13,74,538, வரி செஸ்ஸோடு சுமார் ₹89,600. கைக்கு வந்த பணத்தில் ஒரு பைசா மாறவில்லை. பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

வி.ஆர்.எஸ்.

பிரிவு 10(10சி)யில் ₹5 லட்சம் வரை விலக்கு, வாழ்நாளில் ஒரே முறை. தொழிலாளி, மேனேஜர் பேதம் இங்கே இல்லை என்பதுதான் இதன் பெரிய பலன். ஆனால் கம்பெனியின் திட்டம் வருமான வரி விதிகளில் 2பிஏ விதிக்குப் பொருந்த வேண்டும்: பத்து ஆண்டு பணி அல்லது 40 வயது; டைரக்டர் அல்லாத எல்லா ஊழியருக்கும் திட்டம் பொது; மொத்த ஆள் எண்ணிக்கை உண்மையில் குறைய வேண்டும்; காலியிடத்தை நிரப்பக் கூடாது; விலகுபவர் அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் சேரக் கூடாது. தொகைக்கும் வரம்பு உண்டு: முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று மாதச் சம்பளம், அல்லது ஓய்வு வயது வரை மிச்சமுள்ள மாதங்களுக்கான சம்பளம். கூப்பிட்டுப் பேசி ஒருவருக்கு மட்டும் தந்த பேக்கேஜுக்கு "வி.ஆர்.எஸ்." என்று பெயர் சூட்டினால் அது வி.ஆர்.எஸ். ஆகிவிடாது. திட்டத்தின் நகலையும், அது 2பிஏ விதிக்கு உட்பட்டது என்ற ஒரு வரியையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கம்யூட்டேஷன்: 'மூன்றில் ஒரு பங்கு' எதில்?

மாத ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்குவது கம்யூட்டேஷன். அரசு சாரா ஊழியருக்கு, கிராஜுவிட்டியும் வாங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு, வாங்காவிட்டால் பாதி, வரிவிலக்கு. இதில் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது கைக்கு வந்த தொகையில் அல்ல. முழு ஓய்வூதியத்தையும் கம்யூட் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதில்.

ஒருவர் ஓய்வூதியத்தில் 50 சதவீதத்தைக் கம்யூட் செய்து ₹15 லட்சம் வாங்குகிறார். முழு மதிப்பு ₹30 லட்சம். கிராஜுவிட்டி வாங்கியவர் என்றால் விலக்கு ₹10 லட்சம், வரிக்குரியது ₹5 லட்சம். தப்பாகப் போட்டால் விலக்கு ₹5 லட்சமாகச் சுருங்கி, ₹10 லட்சத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். பொதுத்துறை வங்கிகளில் கம்யூட் செய்யக்கூடியதே மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அவர்கள் வாங்கும் தொகை முழுவதும் விலக்குக்குள் அடங்கிவிடுகிறது.

மாதம் மாதம் வரும் மிச்ச ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வரிக்குரியது, நிலைக்கழிவு உண்டு. குடும்ப ஓய்வூதியம் வேறு தலைப்பு: அதில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது புதிய முறையில் ₹25,000, பழைய முறையில் ₹15,000, எது குறைவோ அது கழியும். என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 60 வயதில் எடுக்கும் மொத்தத் தொகையில், மொத்தச் சேமிப்பின் 60 சதவீதம் வரை வரி இல்லை. ஆன்யுட்டி (மாதாமாதம் பணம் தரும் திட்டம்) வாங்கப் போகும் பகுதிக்கு அப்போது வரி இல்லை. பிறகு வரும் மாதத் தொகைக்கு உண்டு.

பி.எஃப்.: ஐந்து ஆண்டு விதியும் அதன் விலக்கும்

ஐந்து ஆண்டு தொடர் பணிக்குப் பிறகு எடுத்தால் வரி இல்லை. பழைய கம்பெனியின் பி.எஃப்.பை மாற்றிக்கொண்டிருந்தால் அந்த ஆண்டுகளும் சேரும். ஐந்து ஆண்டுக்குள் எடுத்து, தொகை ₹50,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் 192ஏ பிரிவில் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இணைக்காவிட்டால் 20 சதவீதம்.

பலருக்குத் தெரியாதது: உடல்நலக் குறைவாலோ, கம்பெனியின் தொழில் சுருங்கியதாலோ மூடியதாலோ, ஊழியரின் கையை மீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் ஐந்து ஆண்டு விதி பொருந்தாது. ஆட்குறைப்பில் போனவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். பிடித்துவிட்டாலும் ரிட்டர்னில் விலக்குக் கேட்டுத் திரும்பப் பெறலாம், கையில் நீக்கக் கடிதம் இருந்தால். வேலை முடிந்த பிறகு அப்படியே விட்டுவைத்த பி.எஃப்.பில் சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரிவு 89: நம்புவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

விலக்குப் போக மிஞ்சும் தொகை ஒரே ஆண்டில் விழுவதால் வரி ஏறினால், அதை முந்தைய ஆண்டுகளில் பரப்பிப் பார்த்து நிவாரணம் தருவது பிரிவு 89. வேலை முடிவு இழப்பீட்டுக்கு இரண்டு நிபந்தனை: குறைந்தது மூன்று ஆண்டு தொடர் பணி, இன்னும் குறைந்தது மூன்று ஆண்டு பணிக்காலம் மிச்சம். இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை முந்தைய மூன்று ஆண்டு வருமானங்களில் ஒவ்வொன்றிலும் சேர்த்து, மூன்று ஆண்டுகளின் சராசரி வரி விகிதத்தைக் கண்டு, இந்த ஆண்டு விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம்தான் நிவாரணம். கம்யூட்டேஷனுக்கும் இதே மூன்று ஆண்டுக் கணக்கு. கிராஜுவிட்டிக்கு, 5 முதல் 15 ஆண்டுக்குள் பணி என்றால் இரண்டு ஆண்டு. 15 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று.

2025-26இல் இது பலருக்கு ஏமாற்றம் தரும். ஒரு மேனேஜருக்கு இழப்பீடு ₹15 லட்சம், வரிக்குரிய மற்ற வருமானம் ₹9 லட்சம். மொத்தம் ₹24 லட்சம். புதிய முறையில் வரி செஸ்ஸோடு ₹3,12,000, அதாவது சராசரி 13 சதவீதம். முந்தைய மூன்று ஆண்டுகளில் அவருடைய வருமானம் ₹16, ₹15, ₹14 லட்சம். ஒவ்வொன்றிலும் ₹5 லட்சம் சேர்த்து அந்தந்த ஆண்டின் புதிய முறை விகிதங்களில் போட்டால் சராசரி 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. நிவாரணம் பூஜ்யம். அந்த ஆண்டுகளின் வரி அடுக்குகள் இப்போதையதைவிடக் கடுமை என்பதே காரணம். முன்பு குறைந்த வருமானம், இப்போது பெரிய தொகை என்பவருக்குத்தான் இது லாபம்.

வி.ஆர்.எஸ். விலக்கும் 89 நிவாரணமும் ஒரே தொகைக்குச் சேர்ந்து கிடைக்காது. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு ₹5 லட்சம் விலக்கு செஸ்ஸோடு ₹1,56,000 மிச்சம் செய்யும். நிவாரணம் அதைத் தாண்டினால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ரிட்டர்ன் போடும்போது

முதலில் ஃபார்ம் 16இன் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், விடுப்புப் பணம் மூன்றுக்கும் அதில் தனித்தனி வரி அச்சாகியிருக்கும். 10(10பி), 10(10சி) இரண்டுக்கும் கிடையாது. "பிரிவு 10இன் பிற விலக்குகள்" என்ற வரியில் எழுத வேண்டும். விட்டுப்போவது எப்போதும் அந்த வரிதான். விட்டுப்போயிருந்தால் கம்பெனியிடம் திருத்தச் சொல்லுங்கள். திருத்தாவிட்டாலும் உங்கள் உரிமை போகாது: மொத்தச் சம்பளத்தில் முழுத் தொகையையும் காட்டி, சம்பள அட்டவணையில் விலக்குப் பட்டியலில் சரியான பிரிவைத் தேர்ந்து தொகையைப் போடுங்கள். விலக்கான தொகையை மொத்தத்திலேயே காட்டாமல் விடுவதுதான் தவறு. வரித்துறை வைத்திருக்கும் எண்ணோடு பொருந்தாமல் நோட்டீஸ் வரும்.

89 கேட்பவர்கள் ரிட்டர்னுக்கு முன்பே ஃபார்ம் 10இ தாக்கல் செய்தாக வேண்டும். இணையதளத்தில் வருமான வரிப் படிவங்கள் பகுதியில் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: 2025-26இல் வாங்கிய பணத்துக்கு 2026-27. கிராஜுவிட்டிக்கு இணைப்பு 2 அல்லது 2ஏ, வேலை முடிவு இழப்பீட்டுக்கு 3, கம்யூட்டேஷனுக்கு 4. ஃபார்ம் இல்லாமல் ரிட்டர்னில் மட்டும் எண்ணைப் போட்டால் ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் வரித்துறையின் பெங்களூரு மையம் நிவாரணத்தை அப்படியே வெட்டி, வட்டியோடு கேட்பு அனுப்பும்.

அதே ஆண்டில் புது வேலை கிடைத்தால் பழைய சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி மூலம் புதுக் கம்பெனிக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியே ₹75,000 கழித்து, தனித்தனியே ஆரம்ப அடுக்கைக் கொடுத்துக் குறைவாகப் பிடித்திருப்பார்கள். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது அந்தக் குறைவும், முன்கூட்டியே கட்டாததற்கான 234பி, 234சி வட்டியும் ஒன்றாக வந்து நிற்கும்.